பிடிப்பது அடியில், வழுக்குவது மேலே!

வாசலில் நிற்கும் காருக்கு வீட்டிலேயே பூச்சுப் போட நினைப்பவர்களுக்கு

ஈயம் பூசுகிறவர் தெருவோரம் குழி தோண்டித் துருத்தி ஊதிய காலத்தை நினைவு வைத்திருக்கும் பாட்டிமார்கள் கொங்கு நாட்டு வீடுகளில் இன்னும் இருக்கிறார்கள். அவர்களைக் கேட்டுப் பாருங்கள். பித்தளைப் பாத்திரத்தைக் கையில் வாங்கியதும் அவர் நேராக ஈயத்தைத் தடவிவிட மாட்டார். முதலில் களிம்பு போகத் தேய்ப்பார். நெருப்பில் காட்டிச் சூடேற்றுவார். நவச்சாரத்தைத் தூவுவார், குபுகுபுவென்று புகை கிளம்பும். அதற்குப் பிறகுதான் ஈயம். பஞ்சால் ஒரு சுழற்றுச் சுழற்றினால் பாத்திரத்தின் உட்புறம் வெள்ளியாக மின்னும். களிம்பு விட்டுப்போன இடத்தில் மட்டும் ஈயம் ஒட்டாது. எவ்வளவு கொட்டினாலும் ஒட்டாது.

உங்கள் வாசலில் நிற்கும் காருக்கும் இதே நியாயம்தான்.

முன்பெல்லாம் ஒரு டப்பா மெழுகோடு காரியம் முடிந்துவிடும். இப்போது கடைக்குப் போனால் ஷாம்பு, கிளே, காம்பவுண்டு, பாலிஷ், சீலன்ட், வாக்ஸ், செராமிக், ஸ்பிரே என்று எட்டுப் பாட்டில்களை எடுத்து நீட்டுகிறார்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில் வீட்டுக்காரரோ, பிள்ளையோ, அல்லது நீங்களேயோ அவற்றை வரிசையாக வைத்துக்கொண்டு, கைக்கு அகப்பட்டதை ஒன்றின் மேல் ஒன்றாகப் போட்டுத் தேய்க்கிறீர்கள். மாலையில் வண்டியில் முகம் பார்க்கலாம். ஒரு மாதம் போனால் திட்டுத் திட்டாக மங்கல்! பணம் போயிற்று, தோள்பட்டை வலி மிச்சம்.

பெரும்பாலும் குறை பாட்டிலில் இல்லை. எதன் மேல் எது என்கிற வரிசையில் இருக்கிறது. அந்த வரிசையைத் தெரிந்துகொண்டால் எட்டுப் பாட்டில்களும் வேண்டியதில்லை.

ஒரு தாள் கனம்

காரின் சாயம் எவ்வளவு கனம் இருக்கும் என்று நினைக்கிறீர்கள்? சாதாரணமாக எழுதும் வெள்ளைத் தாள் ஒன்றை எடுத்து விரல்களுக்கு நடுவில் பிடித்துப் பாருங்கள். அதன் கனம் சுமார் 100 மைக்ரான். அதாவது ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு. தொழிற்சாலையில் அடித்த சாயம் முழுவதுமே பெரும்பாலான கார்களில் 100 முதல் 150 மைக்ரான்தான்.

அந்தத் தாள் கனத்துக்குள் நாலு அடுக்குகள் இருக்கின்றன. தகட்டோடு ஒட்டித் துருப் பிடிக்காமல் காப்பது முதல் அடுக்கு. மேடு பள்ளத்தை நிரவுவது இரண்டாவது. நிறம் தருவது மூன்றாவது. எல்லாவற்றுக்கும் மேலே நிறமே இல்லாமல், கண்ணாடி போல இருப்பது நாலாவது. அதற்குக் கிளியர் கோட்டு என்று பெயர். அதன் கனம் 40, 50 மைக்ரான். பளபளப்புத் தருவது அதுதான். சித்திரை வெயில் நிறத்தைத் தின்றுவிடாமல் தடுப்பதும் அதுதான்.

இந்தக் கிளியர் கோட்டு தேய்ந்துவிட்டால் மறுபடி வளராது. நம் தோல் சிராய்த்தால் நாலு நாளில் மூடிக்கொள்கிறது. இதற்கு அந்தப் பாக்கியம் இல்லை. கூரையிலும் பானெட்டிலும் பால் படிந்த மாதிரி வெளுத்து, செதில் செதிலாக உரிந்து நிற்கும் வண்டிகளைப் பார்த்திருப்பீர்கள். அந்த நிலைக்கு வந்துவிட்டால் எந்தப் பாட்டிலாலும் பிரயோஜனம் கிடையாது. பெயிண்ட்டரிடம்தான் போகவேண்டும். ஆகவே நாம் போடும் எல்லாப் பூச்சுக்கும் நோக்கம் ஒன்றே: வெயிலும் உப்பும் எச்சமும் நம் பூச்சைத் தின்னட்டும், கிளியர் கோட்டைத் தின்ன வேண்டாம்.

டூகோவின் கதை

கோயமுத்தூருக்கும் மோட்டாருக்கும் உள்ள உறவு பழையது. ஜி. டி. நாயுடு 1920-ல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே தம் முதல் பஸ்ஸை விட்டார். அந்த நாளில் மோட்டார் வண்டிகளுக்கு அடித்தது, குதிரைக் கோச்சு வண்டிகளுக்கு அடித்த எண்ணெய் வார்னிஷ் போன்றதுதான். ஒவ்வொரு பூச்சாக அடித்துக் காயவைத்து வண்டியை வெளியே விட வாரக் கணக்கில் ஆகும். 1920-களில் அமெரிக்காவின் டூபான்ட் கம்பெனி சில மணி நேரத்தில் காய்ந்துவிடும் ஒரு சாயத்தைக் கொண்டுவந்தது. அதன் பெயர் டூகோ. நம் ஊர்ப் பெயிண்ட்டர்கள் வாயில் 'டூகோ பெயிண்ட்' என்ற சொல் இன்னமும் புழங்குகிறது.

அது நைட்ரோ செல்லுலோஸ் என்ற பொருளால் ஆன சாயம். பெண்கள் விரலுக்குப் போடும் நகப்பூச்சிலும் முக்கியமான சரக்கு அதே நைட்ரோ செல்லுலோஸ்தான்! நகப்பூச்சுப் போட்டுப் பழகியவர்களுக்குக் காரின் சாஸ்திரத்தில் பாதி கைவந்தாயிற்று என்று சொல்லலாம். எண்ணெய்ப் பிசுக்குள்ள நகத்தில் பூச்சு நிற்காது. முதல் பூச்சு காய்வதற்குள் அடுத்ததைப் போட்டால் சுருண்டுகொள்ளும். கனமாக ஒரே தடவையில் அப்பினால் உரிந்துவரும். மெல்லிசாகப் போட்டால் நிற்கும். காருக்கும் இந்த நாலு வார்த்தைகள்தாம்.

பழைய சாயங்களில் மேலே கண்ணாடி அடுக்கு கிடையாது. நிறமே வெளியில் இருக்கும். தேய்த்தால் துணியில் நிறம் வரும். 1980-களிலிருந்து கிளியர் கோட்டு உலகெங்கும் பரவியது. இதில் உங்களுக்கு ஒரு சோதனை கிடைக்கிறது. ஓர் ஓரத்தில் வெள்ளைத் துணியால் கொஞ்சம் பாலிஷ் தொட்டு மெதுவாகத் தேய்த்துப் பாருங்கள். துணியில் காரின் நிறம் வந்தால், ஒன்று அது மேல் அடுக்கு இல்லாத சாயம். அல்லது மேல் அடுக்கு தீர்ந்துபோயிற்று. அங்கே தேய்ப்பதை நிறுத்திவிட்டு, தெரிந்தவரிடம் காட்டுவது உத்தமம்.

ஊர்ப் பழைய மோட்டார்களைப் பார்க்க ஆசைப்பட்டால், அவினாசி ரோட்டில் 2015-ல் திறந்த ஜி. டி. கார் மியூசியத்துக்குக் குழந்தைகளை அழைத்துப் போகலாம். லீவு நாளுக்கு நல்ல பொழுதுபோக்கு.

முதலில் அரப்பு, பிறகு எண்ணெய்

எண்ணெய் தேய்த்து ஊறவிட்டு, அரப்புப் போட்டு அலசுவது கொங்கு நாட்டுக் குளியல். காருக்கு அதைத் தலைகீழாகத் திருப்பிக்கொள்ளுங்கள். அழுக்கு எடுப்பவை எல்லாம் முதலில். மேலே தங்குபவை எல்லாம் பிறகு. ஷாம்பு, கிளே, பாலிஷ் மூன்றும் அரப்பு ஜாதி. சீலன்ட், மெழுகு, செராமிக் மூன்றும் எண்ணெய் ஜாதி. இந்த இரண்டு ஜாதியையும் கலந்துவிடக் கூடாது. சீலன்ட் போட்ட பிறகு பாலிஷ் தேய்த்தால், போட்டதை நீங்களே எடுத்துவிடுகிறீர்கள்.

பாலிஷ் என்ற சொல்தான் பலரை ஏமாற்றுகிறது. மேஜைக்குப் பாலிஷ் போடுவது ஏதோ ஒன்றைப் பூசுவது. காருக்குப் பாலிஷ் என்பது சுரண்டி எடுப்பது. மிக மெல்லிய பொடியால் கிளியர் கோட்டைச் சிறிது தேய்த்துக் கீறல் தெரியாமல் செய்கிறார்கள். ஒவ்வொரு தடவையும் ஒரு மைக்ரானோ சில மைக்ரானோ போய்விடும். 40, 50 மைக்ரான் சொத்திலிருந்து அடிக்கடி எடுத்துச் செலவழித்தால் என்ன மிஞ்சும்? ஆகவே மாதாமாதம் பாலிஷ் போடும் ஆசையை விட்டுவிடுங்கள். கீறல் கண்ணை உறுத்தினால் மட்டும், அதுவும் லேசான பாலிஷாகக் கையால் தேய்த்தால் போதும். பழக்கமில்லாதவர்கள் வேகமாகச் சுழலும் மெஷினை எடுக்க வேண்டாம். கதவின் விளிம்பிலும் மடிப்பிலும் சாயம் மெல்லிசாக இருக்கும். கண் இமைக்கும் நேரத்தில் தகடு தெரிந்துவிடும்.

தண்ணீரில் இருக்கிறது சூட்சுமம்

சிறுவாணித் தண்ணீரின் ருசியைப் பற்றிக் கோயமுத்தூர்க்காரர்களிடம் பேச்சுக் கொடுத்தால் லேசில் நிறுத்த மாட்டார்கள். அந்தத் தண்ணீரில் உப்பு குறைவு. காரைக் கழுவினால் கறை படியாது. ஆனால் குடிக்கிற தண்ணீரைக் குழாய் வைத்துக் காரின் மேல் அடிப்பதற்கு எந்த இல்லத்தரசிக்கு மனம் வரும்? கழுவுவதற்கு எல்லோரும் போர்த் தண்ணீரைத்தான் எடுக்கிறோம். போர்த் தண்ணீரில் சுண்ணாம்புச் சத்து உண்டு. வெயிலில் காய்ந்த துளி ஒவ்வொன்றும் ஒரு வெள்ளை வட்டத்தை விட்டுவிட்டுப் போகும். பாத்ரூம் குழாயில் நீங்கள் மல்லுக்கட்டுகிற அதே கறை.

இதற்கு மூன்று உபாயங்கள். முதலாவது, வெயில் ஏறுவதற்கு முன் நிழலில் கழுவுங்கள். தகடு கைக்குக் குளிர்ச்சியாக இருக்கவேண்டும். இரண்டாவது, தானாகக் காய விடாதீர்கள். ஒவ்வொரு பகுதியாக உடனே துடைத்துவிடுங்கள். மூன்றாவது, கடைசி அலசலுக்கு ஏ.சி.யிலிருந்து சொட்டும் தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள். அது காற்றின் ஈரம் குளிர்ந்து வந்த நீர். உப்பு ஏறக்குறைய கிடையாது. பிடித்து வைத்த மழைத் தண்ணீரும் அப்படித்தான்.

ஒன்றை மட்டும் மறந்துவிட வேண்டாம். ஆர்.ஓ. மெஷின் வெளியே தள்ளும் கழிவுத் தண்ணீரை வீணாக்காமல் காருக்கு ஊற்றும் சிக்கனக்காரர்கள் உண்டு. சிக்கனம் நல்லதுதான். ஆனால் உங்கள் குடிநீரிலிருந்து பிரித்தெடுத்த உப்பெல்லாம் அந்தக் கழிவில்தான் திரண்டு நிற்கிறது. அது தரை கழுவட்டும்; காருக்கு வேண்டாம்.

வெள்ளை வட்டம் விழுந்துவிட்டதா? வெள்ளை வினிகரில் சமபாகம் தண்ணீர் கலந்து, துணியை நனைத்து ஒரு நிமிஷம் வைத்து எடுத்து, நன்றாக அலசிவிடுங்கள். புளியும் சாம்பலும் வைத்துத் தேய்க்க இது குத்துவிளக்கு அல்ல.

இரண்டு வாளி, ஒரு துணி

காரில் விழுகிற கீறலில் பெரும்பகுதி ரோட்டில் விழுவதில்லை. நம் வாசலில், நாம் துடைக்கும்போது விழுகிறது. ஆடி மாதம் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வீசும் காற்றில் வண்டி மேல் படியும் செம்மண்ணையும் கரிசலையும் நினைத்துப் பாருங்கள். அந்த மண்ணில் பொடிப் பொடியாகக் கல் இருக்கிறது. காய்ந்த துணியால் 'ஒரு தட்டுத் தட்டி' விடுவது, உப்புத்தாள் வைத்துத் தேய்ப்பதற்குச் சமானம்.

முதலில் தண்ணீரை ஊற்றி மண்ணை இறக்கிவிடுங்கள். இரண்டு வாளி வைத்துக்கொள்ளுங்கள்: ஒன்றில் கார் ஷாம்பு கலந்த தண்ணீர், மற்றதில் வெறும் தண்ணீர். ஒவ்வொரு பகுதியும் முடிந்ததும் துணியை வெறும் தண்ணீரில் அலசிவிட்டுத்தான் ஷாம்புவில் முக்கவேண்டும். மேலிருந்து கீழாக வாருங்கள். சக்கரத்துக்குத் தனித் துணி. பாத்திரம் தேய்க்கும் சோப்பு பிசுக்கை எடுப்பதற்கென்றே பிறந்தது. போட்டு வைத்த மெழுகையும் சேர்த்து எடுத்துவிடும். பழைய பூச்சை எடுக்கவேண்டிய நாளைத் தவிர மற்ற நாட்களில் அது சமையலறையிலேயே இருக்கட்டும்.

துணி விஷயத்தில் உங்களுக்குச் சொல்லிக் கொடுக்க வேண்டியதில்லை. மைக்ரோ ஃபைபர் துணி நல்லது. அதைத் தனியாகத் துவையுங்கள். நூல் துணிகளோடு போட்டால் பிசிறெல்லாம் அதில் ஏறிக்கொள்ளும். வாசனைக்கும் மென்மைக்கும் ஊற்றும் திரவத்தை அதற்கு ஊற்றாதீர்கள். துணியின் நுண்ணிய இழைகள் அடைத்துக்கொண்டு தண்ணீரை உறிஞ்சாமல் போகும். பழைய நூல் சேலை என்றால், சரிகையும் தையலும் இல்லாத நடுப்பகுதியாகப் பாருங்கள். எந்தத் துணியானாலும் கீழே விழுந்துவிட்டால் அது அன்றைக்குக் காருக்கு ஆகாது.

விரலுக்குத் தெரியும்

கழுவித் துடைத்த பிறகு, கண்ணுக்கு எல்லாம் சுத்தமாகத் தெரியும். ஒரு மெல்லிய பிளாஸ்டிக் பையைக் கையில் மாட்டிக்கொண்டு பானெட்டின் மேல் மெதுவாகத் தடவிப் பாருங்கள். ரவை தூவினாற்போல் நெருநெருவென்று இருக்கிறதா? அதுதான் களிம்பு. மரத்துப் பிசின், தார்ப்புள்ளி, பிரேக்கிலிருந்து பறக்கும் இரும்புத் தூள் எல்லாம் அதில் உண்டு. பட்டறைகளும் பவுண்டரிகளும் நிறைந்த ஊர் நம்முடையது. வெள்ளைக் காரில் பொடிப் பொடியாக ஆரஞ்சு நிறப் புள்ளிகளைப் பார்த்தால், அது சாயத்தில் குத்திக்கொண்டு துருப்பிடித்த இரும்புத் தூளாக இருக்கலாம்.

இரும்புத் தூளுக்கென்று ஒரு திரவம் விற்கிறது. தெளித்தால் இரும்பு உள்ள இடமெல்லாம் ஊதா நிறமாக ஒழுகும். அதன் நாற்றம் உங்களில் சிலருக்குப் பழக்கமானதாக இருக்கும். அழகு நிலையங்களில் முடியைச் சுருளாக்கப் பூசும் மருந்தும் இதே தயோகிளைகோலேட் வகைதான்! கையுறை போட்டுக்கொண்டு, காற்றோட்டமான இடத்தில் தெளித்து, காய்வதற்குள் அலசிவிடுங்கள். மிச்சத்துக்குக் கிளே. களிமண் உருண்டை மாதிரி இருக்கும் அதை, ஷாம்புத் தண்ணீர் வழுவழுப்போடு, அழுத்தாமல், நேர்க்கோட்டில் ஓட்டினால் போதும். உருண்டை கீழே விழுந்துவிட்டால் தூக்கி எறியுங்கள்.

இனி அடி சுத்தம். பாலிஷ் தேய்த்திருந்தால் அதிலுள்ள எண்ணெய் சாயத்தின் மேல் தங்கியிருக்கும். தண்ணீர் கலந்த ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் ஒரு தடவை துடைத்தால் அதுவும் போய்விடும். பலர் விட்டுவிடுகிற படி இது. எண்ணெய்க் கையில் பிளாஸ்திரி ஒட்டுமா?

எதன் மேல் எது?

இப்போது பூச்சுக்கு வருவோம். மூன்று வகைகள்தாம் உண்டு.

முதலாவது, மெழுகு. பிரேசில் நாட்டின் வடகிழக்கில் வளரும் கார்னோபா என்ற பனையின் ஓலையில் படிவது. மிட்டாய்க்கும் மாத்திரைக்கும் மினுமினுப்புத் தருவதும் இதே மெழுகுதான். உருகுவதற்குச் சுமார் 82 முதல் 86 டிகிரி சூடு வேண்டும். மெழுகு வகைகளில் இது கெட்டி. பளபளப்பில் அழகு தனி. ஆனால் ஆயுள் குறைவு. நம் வெயிலில் சில வாரங்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது, சீலன்ட். ரசாயன சாலையில் செய்த பாலிமர். மெழுகைவிட நாள் தாங்கும். சில மாதங்கள் வரும்.

மூன்றாவது, செராமிக். சிலிக்கா சேர்ந்த திரவம். போட்டபின் காற்றின் ஈரத்தோடு சேர்ந்து கெட்டியாகிச் சாயத்தைக் கவ்விக்கொள்ளும். சரியாகப் போட்டால் ஒரு வருஷமும் அதற்கு மேலும் இருக்கும். சரியாகப் போடாவிட்டாலும் இருக்கும், அதுதான் சங்கடம்! துடைக்காமல் விட்ட திட்டு கெட்டியாகிவிட்டால், பாலிஷ் போட்டுச் சுரண்டித்தான் எடுக்கவேண்டும்.

இவற்றை எப்படி அடுக்குவது? ஒரே ஒரு விதியை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பிடிப்பது அடியில், வழுக்குவது மேலே. சாயத்தைக் கவ்விக்கொள்ளக்கூடியது சாயத்தின் மேலேயே இருக்கவேண்டும். எண்ணெய்ப் பசையுள்ளது கடைசியில் வரவேண்டும். சீலன்ட் போட்டு, அது இறுகியபின் மெழுகு போடலாம். மெழுகின் மேல் சீலன்ட் நிற்காது. செராமிக் எப்போதும் வெறும் சாயத்தின் மேல்தான். மெழுகின் மேலோ சீலன்டின் மேலோ போட்டால், அந்தப் பழைய பூச்சு கழன்று போகும்போது விலை கொடுத்து வாங்கிய செராமிக்கும் கூடவே போய்விடும்.

செராமிக்கின் மேல் மெழுகு போடலாமா? போட்டால் கெடுதல் இல்லை, பிரயோஜனமும் அதிகமில்லை. தண்ணீரும் தூசியும் ஒட்டாமல் ஓடவேண்டும் என்றுதானே செராமிக் போட்டீர்கள்? மெழுகு அதை மூடிவிடும். தூசி இனி மெழுகின் மேல் உட்காரும். வேண்டுமானால் அதற்கென்று விற்கும் சிலிக்கா ஸ்பிரேயைச் சில மாதங்களுக்கு ஒரு முறை தெளித்துத் துடைக்கலாம்.

எத்தனை கோட்டு?

இரண்டு போதும். இரண்டாவது கோட்டு கனத்துக்காக அல்ல. முதல் தடவை கை படாமல் விட்ட இடத்தை நிரப்புவதற்காக. பத்து கோட்டு மெழுகு போட்டால் பத்து மடங்கு காப்பு என்று எண்ணுவது கணக்குக்குச் சரி, காருக்குச் சரியல்ல. புது மெழுகில் இருக்கும் கரைப்பான் அடியில் இருக்கும் பழைய மெழுகை இளக்கும். மீதியைத் துணி எடுத்துக்கொண்டு போய்விடும்.

ஒரு கோட்டுக்கும் அடுத்ததற்கும் நடுவில் அவகாசம் கொடுங்கள். சீலன்டுக்கும் மெழுகுக்கும் அரை நாளிலிருந்து ஒரு நாள். இட்லி மாவு பொங்குவதற்கு இரவு முழுவதும் காத்திருக்கிற பொறுமை உங்களுக்கு உண்டு. அதைக் காருக்கும் கொஞ்சம் காட்டினால் போதும். செராமிக்குக்கு அதன் டப்பாவில் போட்டிருக்கும் நேரமே பிரமாணம். சிறு சிறு சதுரமாகப் போட்டு, எண்ணெய்த் துளி போல வானவில் நிறம் தெரிந்ததும் துடைத்து எடுக்கவேண்டும். பிறகு ஒரு நாள் தண்ணீர் படாமலும், ஒரு வாரம் ஷாம்பு படாமலும் இருக்கட்டும்.

புதிதாகப் பெயிண்ட் அடித்த கதவோ பம்பரோ இருந்தால் அவசரம் வேண்டாம். தொழிற்சாலையில் நல்ல சூட்டில் சுட்ட சாயம் வேறு. பட்டறையில் அடித்த சாயம் வேறு. பட்டறைச் சாயத்திலிருந்து கரைப்பான் வெளியேறச் சில வாரங்கள் பிடிக்கும். அதை மூடி அடைத்துவிடக் கூடாது. அடித்த பெயிண்ட்டரையே கேளுங்கள். பளபளப்பில்லாத மேட் சாயமுள்ள கார்களுக்கு மெழுகும் கிடையாது, பாலிஷும் கிடையாது. அவற்றின் வழி தனி.

பென்சிலும் வைரமும்

'9எச் கடினம்! வைரம் போல இருக்கும்!' என்ற விளம்பரத்தை நம்பி ஆயிரக்கணக்கில் கொடுக்கிறார்கள். 9எச் என்பது என்ன? வரைபடக்காரர்கள் வைத்திருக்கும் பென்சில் வரிசையில் மிகவும் கெட்டியான பென்சிலின் பெயர். அந்தப் பென்சிலால் கீறினால் கோடு விழவில்லை என்று மட்டுமே அதற்கு அர்த்தம். வைரத்தை 10 என்று வைக்கும் கற்களின் அளவுகோல் வேறு. அந்த அளவுகோலில் மணலில் இருக்கும் குவார்ட்ஸ் 7. செராமிக் பூச்சின் கனமோ ஒன்றிரண்டு மைக்ரானுக்குள். மணல் தேய்த்தால் அதுவும் கீறும். தெறிக்கும் கல்லை ஓரளவாவது தாங்கவேண்டுமென்றால், அதற்கு 150, 200 மைக்ரான் கனமுள்ள பிளாஸ்டிக் படலம்தான் உண்டு. அதை ஒட்டுவதென்றால் முதலில் படலம். செராமிக் அதன் மேலே.

ஆகவே கடையில் கொடுத்துச் செய்வதானாலும் இரண்டு கேள்வி கேட்டுவிடுங்கள். உரையாடல் இப்படிப் போகலாம்:

"அக்கா, வண்டிக்கு ஏற்கெனவே வாக்ஸ் போட்டிருக்குதுங்க. அதுக்கு மேலயே செராமிக் அடிச்சு நாளைக்கே குடுத்தறமுங்க."

"ஏனுங் தம்பி, அடியில இருக்கற வாக்ஸை எடுக்காம அடிச்சா அது புடிக்குமுங்களா?"

"அது... எடுத்துட்டுத்தானுங்க அடிக்கோணும்."

"அப்ப எடுத்துட்டே அடிங்க. நாளைக்கு வேண்டாம்; காயவெச்சு ரெண்டு நாள் கழிச்சே குடுங்க."

இவ்வளவு தெரிந்தவரிடம் அரைகுறையாகச் செய்து அனுப்ப எந்தக் கடைக்காரருக்கும் தயக்கமாகத்தான் இருக்கும்.

சந்தனமும் குங்குமமும்

பூச்சுப் போடுவதற்கு நாள் பார்ப்பதானால் ஆயுத பூஜைக்கு ஒரு வாரம், பத்து நாள் முன்பாகப் பாருங்கள். ஐப்பசி, கார்த்திகையில்தான் நம் ஊருக்கு நல்ல மழை. அதற்கு முன்னால் வண்டிக்குக் காப்பு ஏறிவிடும். இன்னொரு சௌகரியமும் உண்டு. பூஜையன்று சந்தனமும் குங்குமமும் இடாமல் இருப்போமா? வெறும் சாயத்தின் மேல் இட்ட குங்குமம் வெயிலில் காய்ந்து, சிவப்புச் சாயை விட்டுவிடும். நல்ல பூச்சுள்ள வண்டியில் மறுநாள் ஈரத்துணியால் ஒற்றி எடுத்தால் போய்விடும். மாலையை ஒட்டுநாடா போட்டு ஒட்டாமல் நூலால் கட்டுங்கள். பூசணிக்காய்ச் சாறு தெறித்தால் அன்றே கழுவிவிடுங்கள்.

அதற்குப் பிறகு வருஷம் முழுவதும் பெரிய வேலை ஒன்றும் கிடையாது. வாரம் ஒரு முறை இரண்டு வாளிக் குளியல். காக்கையோ மயிலோ எச்சமிட்டால் காய விடாமல், நனைந்த துணியை ஐந்து நிமிஷம் மேலே போட்டு வைத்து, தேய்க்காமல் எடுப்பது. மண்ணெண்ணெயும் டீசலும் தொட்டுத் துடைத்துப் பளபளப்புக் காட்டுகிறவர்களைக் கண்டால் 'வேண்டாமுங்க' என்று சொல்லிவிடுவது. அந்த மினுமினுப்பு ஒரு நாள் கூத்து. மறுநாள் ஊர்த் தூசியெல்லாம் அதில் வந்து ஒட்டும்.

பூச்சு தேய்ந்துவிட்டதா என்று அறியவும் சுலபமான வழி உண்டு. தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். தாமரை இலைத் தண்ணீராக முத்து முத்தாக உருண்டு ஓடினால் பூச்சு இருக்கிறது. பாய் விரித்தாற்போல் படர்ந்து நின்றால் முதலில் ஒரு தடவை நன்றாகக் கழுவிப் பாருங்கள். சில சமயம் மேலே படிந்த அழுக்கே அப்படிக் காட்டும். கழுவிய பிறகும் படர்ந்து நின்றால், அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்கு ஒரு வேலை வந்துவிட்டது என்று அர்த்தம்.

அன்றைக்கு எட்டுப் பாட்டில் வாங்க வேண்டாம். ஷாம்பு, கிளே, துடைக்கும் ஆல்கஹால், பூச்சு ஒன்று, நாலே போதும். அந்த நாலையும் வரிசை தப்பாமல் போடுங்கள். கடன் கட்டி வாங்கிய வண்டி, கடன் தீர்ந்த பிறகும் புதுசாகவே நிற்கும்.